இலவசமாக வரும் கல், காசு கேட்கும் குழி: அமெரிக்கப் படைவீரர் கல்லறைகளில் பதிப்புக் கட்டணத்துக்கு வரம்பு வேண்டுமா?

(புனைபெயரில் நால்வர் நடத்தும் விவாதம்.)

கருங்கல்:
அமெரிக்காவில் முன்னாள் படைவீரர் ஒருவரைத் தனியார் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தால், படைவீரர் நலத்துறை கல்லோ வெண்கலத் தகடோ இலவசமாகத் தருகிறது. தோட்டத்து வாசல்வரை கொண்டு சேர்க்கும் செலவும் அரசுடையதே. அதை மண்ணில் பதிக்கும் செலவு மட்டும் குடும்பத்தின் தலையில் விழுகிறது. தேசியக் கல்லறைகளில் குழி, கல், பதிப்பு, பராமரிப்பு எல்லாமே இலவசம் என்பதால் அங்கே இந்தப் பேச்சுக்கே இடமில்லை.

தனியார் தோட்டங்களின் பதிப்புக் கட்டணத்துக்கு மாநில அரசுகள் உச்சவரம்பு வைக்க வேண்டும் என்பது என் வாதம். குடும்பம் பேரம் பேசவே முடியாத நேரத்தில் கேட்கப்படும் பணம் இது. அடக்கத்துக்கான மனை வாங்கியாயிற்று, உடலும் உள்ளே போயிற்று. போதாக்குறைக்கு, கல் கேட்டு அனுப்பும் 40-1330 படிவத்தில் கல்லறைத் தோட்டத்து அலுவலரும் கையெழுத்துப் போட வேண்டும். அவர் போடாவிட்டால் கல் கிளம்பாது. யாரிடம் கட்டணம் கட்ட வேண்டுமோ அவரிடமே இசைவும் கேட்டு நிற்க வேண்டிய நிலை.

பச்சைப்புல்:
வரம்பு கேட்பதற்கு முன்னால் வேலை என்ன என்று பாருங்கள். அரசு தரும் கிடைமட்ட வெண்கலத் தகடு 24 அங்குல நீளம், 12 அங்குல அகலம், எடை சுமார் 18 பவுண்டு. கூடவே போல்ட், நட்டு, வாஷர் வரும். அடிக்கல் வராது. பல தோட்டங்கள் கேட்கும் 28 × 16 × 4 அங்குலக் கருங்கல் அடிக்கல் ஏறக்குறைய 175 பவுண்டு. அதை வாங்கி, தகட்டின் துளைகளுக்கு நேராகத் துளையிட்டு, தகட்டை இறுக்கிப் பூட்டிய பிறகுதான் பதிப்பே தொடங்கும்.

முதலில் மனை வரைபடத்தோடு ஒப்பிட்டு, இரும்புக் கம்பியால் குத்திப் பார்த்து, சவப்பெட்டியைச் சுற்றி மண்ணுக்குள் இருக்கும் கான்கிரீட் பெட்டகத்தின் விளிம்பைக் கண்டுபிடிக்க வேண்டும். புல்லைப் பாளமாக வெட்டி எடுத்து, குழி தோண்டி, அடியில் சரளைக்கல் போட்டு இடித்து, மட்டம் பார்த்துக் கல்லை இறக்க வேண்டும். மேல்முகம் தரையை விட்டு எழும்பினால் புல்வெட்டியின் கத்தி சீவிவிடும். பள்ளமாகிவிட்டால் இரண்டு கோடைக்குள் புல் மூடிவிடும். இதற்கு இரண்டு ஆட்கள், ஒரு வண்டி, காப்பீடு வேண்டும். இந்தச் செலவை யார் தருவது?

கருங்கல்:
செய்த வேலைக்குக் கூலி கொடுக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. உங்களைப் போலவே நானும் கணக்குப் போடுகிறேன். வெண்கலத் தகட்டுக்குப் பதிலாக அரசிடம் கேட்டு வாங்கக் கூடிய 24 × 12 × 4 அங்குலக் கருங்கல் பலகையைச் சுற்றி நான்கு அங்குலக் கான்கிரீட் விளிம்பு, மொத்த ஆழம் ஆறு அங்குலம் என்று வைத்தால் ஊற்ற வேண்டியது ஏறத்தாழ ஒன்றரைக் கன அடி. 80 பவுண்டு கான்கிரீட் கலவை மூட்டை மூன்று போதும். ஆள்கூலி, வண்டி, பொருள் என்று ஒரு தொகை வரும். அதில் சண்டை இல்லை.

பில்லில் அதற்குக் கீழே வரும் வரிகளில்தான் சண்டை. ஆய்வுக் கட்டணம், அலுவலகக் கட்டணம், கல்லை வெளியிலிருந்து கொண்டுவந்ததற்கு வெளிக்கல் கட்டணம், எல்லாவற்றுக்கும் மேல் நிரந்தரப் பராமரிப்பு நிதி. சில தோட்டங்கள் பராமரிப்பு நிதியைச் சதுர அங்குலக் கணக்கில் வாங்குகின்றன. உதாரணத்துக்கு அங்குலத்துக்கு 50 சென்ட் என்றால், 24 × 12 கல்லுக்கு 144 டாலர். அதே தகட்டுக்கு 28 × 16 அடிக்கல் கட்டாயம் என்று விதி வைத்த உடனே அது 224 டாலர் ஆகிவிடுகிறது. விதி போடுவதும் பணம் வாங்குவதும் ஒரே கை. மனை விற்றபோதே பராமரிப்பு நிதி என்று ஒரு பங்கு வாங்கியிருப்பார்கள் என்பதையும் மறக்க வேண்டாம்.

பச்சைப்புல்:
அந்த நிதியின் முதலைத் தொட முடியாது நண்பரே, வருமானத்தை மட்டும்தான் செலவழிக்கலாம். 144 டாலருக்கு நான்கு சதவீத வட்டி வந்தால் வருடத்துக்கு 5 டாலர் 76 சென்ட். கல்லைச் சுற்றி ஒருமுறை கையால் புல் கத்தரிக்கும் கூலிக்குக்கூட அது காணாது. கொள்ளை என்ற தொனியில் பேசுவது நியாயமில்லை.

சட்டப்பிரிவு:
இருவரும் சட்டத்தைத் தொடாமல் பேசுகிறீர்கள். 1984 முதல் நடப்பில் உள்ள கூட்டாட்சி ஈமச்சடங்கு விதி, விலைப்பட்டியலை முன்கூட்டியே கையில் கொடுக்கச் சொல்கிறது. ஆனால் ஈமச்சடங்குப் பொருளும் சேவையும் இரண்டும் விற்பவரைத்தான் அது கட்டுப்படுத்தும். வெறும் கல்லறைத் தோட்டம் அதற்குள் வராது. ஓட்டை இருப்பது அங்கேதான்.

மாநிலங்களில் ஃபுளோரிடாவைப் பாருங்கள். அதன் சட்டத்தின் 497.278 பிரிவுப்படி, வெளியே வாங்கி வெளியாளே பதிக்கும் கல்லுக்குக் கல்லறை நிறுவனம் பதிப்புக் கட்டணம் வாங்கக் கூடாது. ஆனால் கல் எங்கே வர வேண்டும் என்று நிறுவனமே குறித்துக் கொடுக்க வேண்டும், பதித்த பின் சோதிக்கவும் வேண்டும். நீதிமன்ற வழியும் உண்டு. மிசூரி மாநிலத்துச் செயின்ட் லூயிஸ் பகுதிக் கல்லறைத் தோட்டங்கள் கல்லுக்கான அடித்தளத்தை நாங்கள்தான் போடுவோம் என்று வைத்த விதியை, 1981-இல் ரோஸ்பரோ வழக்கில் எட்டாவது வட்டக் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் சட்டவிரோதக் கட்டிவிற்பனை என்றது. மனை வாங்கியவர் தலையில் இன்னொரு சேவையைக் கட்டாயமாகக் கட்டக் கூடாது என்பது சாரம்.

ஆகவே டாலரில் உச்சவரம்பு தேவையில்லை. வெளியாள் பதிக்கும் உரிமையைக் கொடுத்தால் விலை தானாகக் கட்டுக்குள் வரும்.

பச்சைப்புல்:
வெளியாள் பதித்துவிட்டுப் போய்விடுவார். புதுக் குழியின் மண் அமுங்கப் பல மாதங்கள் ஆகும். அவசரப்பட்டுப் பதித்த கல் ஒரு மூலையில் சாய்ந்தால், அடுத்த வசந்தத்தில் குடும்பம் எங்கள் அலுவலகத்துக்குத்தான் வரும். கல் பக்கத்து மனைமீது ஏறியிருந்தால் இன்னொரு குடும்பமும் வரும். சோதனை செய், பணம் வாங்காதே என்றால் அந்தச் செலவு மனை விலையில் ஏறும். அப்போது படைவீரர் அல்லாதவர்களும் சேர்ந்து கொடுப்பார்கள்.

ஊர்மயானம்:
பெரிய நிறுவனங்களை மனத்தில் வைத்தே எல்லாரும் பேசுகிறீர்கள். தேவாலயத்தையோ சிற்றூர் நிர்வாகத்தையோ சேர்ந்த ஒரு ஏக்கர் இடுகாடுகளும் இருக்கின்றன. அங்கே சம்பள ஆள் கிடையாது.

அங்கே நிமிர்ந்த கல்தான் அதிகம் கேட்பார்கள். 42 அங்குல உயரம், 13 அகலம், 4 கனம், எடை சுமார் 230 பவுண்டு. 24 முதல் 26 அங்குலம் வெளியே தெரிய வேண்டும் என்றால் மண்ணுக்குள் இருப்பது 16 முதல் 18 அங்குலம்தான். மினசோட்டா போன்ற வட மாநிலங்களில் மண் மூன்றரை அடிக்கும் கீழே வரை உறையும். ஈரக் களிமண் உறைந்து உப்பும்போது கல்லை மேலே தள்ளும். உருகும்போது கல் பழைய இடத்துக்குத் திரும்பாது. களியை அள்ளிவிட்டுச் சரளை நிரப்பி, நான்கு அங்குலத்துக்கு ஒருமுறை இடித்தால் தள்ளாட்டம் குறையும், அடியோடு நிற்காது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை நிமிர்த்தியே ஆக வேண்டும். தெற்கே ஜார்ஜியா மாநிலத்துக்குப் பொருந்தும் தொகையை வடக்கே வரம்பாக வைத்தால், இந்த இடுகாடுகள் படிவத்தில் கையெழுத்துப் போடவே தயங்கும். நீங்கள் காப்பாற்ற நினைக்கும் குடும்பத்துக்கே கல் கிடைக்காது.

கருங்கல்:
இது கனமான மறுப்பு. நாடு முழுவதற்கும் ஒரே தொகை என்பதை நான் கைவிடுகிறேன், வரம்பைக் கைவிடவில்லை. தோட்டம் தன் சொந்தக் கல்லை விற்றுப் பதிக்கும்போது வாங்கும் தொகையைவிட, அதே அளவுள்ள அரசுக் கல்லுக்கு ஒரு சென்ட்கூட அதிகம் வாங்கக் கூடாது. வடக்கோ தெற்கோ, இது எங்கும் பொருந்தும். சொந்தக் கல்லுக்குப் பதிப்பு இலவசம் என்று சொல்லி அதைக் கல் விலையில் ஒளிக்க முடியாதபடி, இரண்டையும் தனித்தனி வரியாகக் காட்டும் கட்டாயமும் வேண்டும்.

இன்னொன்று. பெயரிலோ தேதியிலோ பிழை இருந்தால் நலத்துறை வேறு கல் இலவசமாக அனுப்பும். மறுபடி பதிக்க மறுபடி கட்டணம் கேட்பதைத் தடுக்க வேண்டும். அந்தக் கல் என்றைக்கும் அரசுச் சொத்து. அதை மாற்றும் செலவை விதவையிடம் கேட்பது எந்த வகையில் சரி?

பச்சைப்புல்:
அரசுச் சொத்து என்றால் அரசே பதிப்புக்கும் கொடுக்கட்டும். 1978-இல் தொடங்கி 1990 வரை, அரசுக் கல்லுக்குப் பதிலாகத் தனியார் கல் வாங்கியவர்களுக்கு ஒரு தொகையைத் திருப்பித் தந்தார்கள். பட்ஜெட்டைச் சுருக்கும்போது அதை நிறுத்தினார்கள். அப்படி ஒன்று பதிப்புக்கு வந்தால் எந்தத் தோட்டமும் எதிர்க்காது.

சட்டப்பிரிவு:
வரம்பு இல்லாமல் அரசு பணம் கொடுத்தால் கட்டணம் அந்தத் தொகைக்கே ஏறி நிற்கும். ஆகவே கருங்கல் சொன்ன சம விலை விதி முதலில் வர வேண்டும். இந்த இடத்தில் நான் அவர் பக்கம்.

சட்டம் வரும்வரை குடும்பங்கள் செய்யக் கூடியதையும் எழுதிவைக்கிறேன். படிவத்தில் கல் வகையைக் குறிக்கும் முன்பே தோட்டத்தின் விதிகளையும் கட்டணப் பட்டியலையும் எழுத்தில் கேளுங்கள். கிடைமட்டக் கல் மட்டுமே அனுமதிக்கும் தோட்டத்துக்கு நிமிர்ந்த கல் வந்துவிட்டால் மாதங்கள் வீணாகும். கருங்கல் பலகையை அனுமதித்தால் வெண்கலத்தைவிட அதையே கேளுங்கள், அடிக்கல் செலவு மிச்சம். சுமார் 130 பவுண்டு இருக்கும், இரண்டு பேர் தூக்கலாம். ஏற்கெனவே குடும்பம் வாங்கிய கல் நிற்கிறதென்றால் அதில் ஒட்டும் வெண்கலப் பதக்கம் கேட்கலாம். ஒட்டும் செலவு உங்களுடையது, ஆனால் குழி தோண்ட வேண்டியதில்லை. பதக்கம் வாங்கினால் அரசுக் கல் கிடையாது, இரண்டில் ஒன்றுதான். கல் வந்து இறங்கும் நாளில் பெட்டியைத் திறந்து எழுத்தையும் விளிம்புகளையும் பார்த்த பிறகே தோட்டத்தார் ரசீதில் கையெழுத்திட வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

ஊர்மயானம்:
சம விலை விதி என்றால் எங்களைப் போன்ற இடங்களுக்கு ஒத்துவரும். நாங்கள் கல் விற்பதே இல்லை என்பதால் ஒப்பிட விலை இருக்காது. அந்த நிலையில் செலவுக் கணக்கைக் காட்டினால் போதும் என்று ஒரு துணை விதி சேருங்கள்.