விப் வாங்கியும் அடி 20-ஐத் தாண்டலை (ஓல்ட் ஸ்கூல் ரூன்ஸ்கேப் ஆன்லைன் கேம்)

ஏரிக்கரை_ஏற்காடு:
அட்டாக் 70, ஸ்ட்ரெங்த் 75, டிஃபன்ஸ் 70, பிரேயர் 45. அபிஸ்ஸல் விப், ரூன் பிளேட்பாடி, ரூன் கைட்ஷீல்ட், அமுலெட் ஆஃப் ஸ்ட்ரெங்த் போட்டிருக்கேன். ஸ்லேயர் டாஸ்க்ல (குறிப்பிட்ட அரக்கன்களைக் கொல்ற வேலை) அதிகபட்ச அடியே 20தான். ரெண்டு வாரமா ஸ்ட்ரெங்த் லெவலும் நகரலை. மொபைல்லதான் ஆடறேன், மலையில சிக்னல் ஏறி இறங்கும். அதனாலயா?

செவ்வாய்ப்பேட்டை_கவசம்:
சிக்னலுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லீங்க. உங்க செட்டப்புக்கு 20-க்கு மேல வரவே வராது. போஷனும் பிரேயரும் (கொஞ்ச நேரத்துக்குப் பலம் கூட்டற சக்தி) இல்லாம, கேமோட சூத்திரப்படி ஸ்ட்ரெங்த் 75 + 8 = 83. ஸ்ட்ரெங்த் போனஸ் விப்புக்கு 82, அமுலெட்டுக்கு 10, மொத்தம் 92. அதோட 64 சேர்த்தா 156. 83-ஐ 156-ஆல பெருக்கி, 320 கூட்டி, 640-ஆல வகுங்க: 20.7. தசமம் கழிஞ்சு 20.

ரூன் சட்டையும் கேடயமும் ஸ்ட்ரெங்த் போனஸ் ஒண்ணுகூடத் தராது. அந்த இடத்துல டிராகன் டிஃபெண்டர் (+6), ஃபைட்டர் டோர்சோ (+4), கூடவே கையில பாரோஸ் கிளவுஸ் (+12), கால்ல டிராகன் பூட்ஸ் (+4) வந்தா போனஸ் 118, அடி 24. சூப்பர் ஸ்ட்ரெங்த் குடிச்சா லெவல் 91 ஆகும், அடி 28. மேல அல்டிமேட் ஸ்ட்ரெங்த் பிரேயர் போட்டா 32. அதுக்கு பிரேயர் 31 போதும், உங்ககிட்ட 45 இருக்கு, ஏன் சும்மா வச்சிருக்கீங்க? பிரேயர் 70 ஆக்கி, கிங்ஸ் ரான்சம் குவெஸ்ட்டும் நைட் வேவ்ஸும் முடிச்சு பயட்டிங்கிற பிரேயரை எடுத்தா 34.

லெவல் நகராததுக்குக் காரணம் விப்பேதான். அதுல ஸ்ட்ரெங்த்துக்குன்னு தனி ஸ்டைல் கிடையாது. ஃபிளிக் அட்டாக்குக்கு, டிஃப்ளெக்ட் டிஃபன்ஸுக்கு, லேஷ் மூணுக்கும் பங்கு. மங்கி மேட்னஸ் 1 குவெஸ்ட் முடிச்சிருந்தா டிராகன் சிமிட்டரை எடுத்து அக்ரஸிவ் ஸ்டைல்ல வைங்க. வேகம் ரெண்டுக்கும் ஒண்ணுதான், 2.4 விநாடி. குறி கொஞ்சம் தப்பும், ஆனா மேல சொன்ன அதே கவசம், போஷன், அல்டிமேட் ஸ்ட்ரெங்த்தோட அடி 30 வரும். அனுபவம் முழுக்க ஸ்ட்ரெங்த்துக்கே போகும்.

ஏரிக்கரை_ஏற்காடு:
டிஃபெண்டர் எடுக்க வாரியர்ஸ் கில்ட் போனேன். அயர்ன் டிஃபெண்டருக்கு அப்புறம் அதேதான் திரும்பத் திரும்ப விழுது.

அஸ்தம்பட்டி_டிக்:
சைக்ளோப்ஸ் அறைக்குள்ளேயே நின்னா அப்படித்தான் விழும். ஒண்ணு கிடைச்சதும் வெளிய வந்து, அதை வாசல்ல நிக்கற கம்ஃப்ரீனாகிட்ட காட்டிட்டு மறுபடி நுழைஞ்சாதான் அடுத்தது. ரூன் டிஃபெண்டர் வரைக்கும் விழற வாய்ப்பு 50-ல் 1. கடைசி டிராகன் அடித்தள அறையில 100-ல் 1, அங்க ரூன் டிஃபெண்டரை லோரெலைகிட்ட காட்டணும். நுழைய 100 டோக்கன் வேணும், நிமிஷத்துக்கு 10 கரையும். கவசத்துக்கு உயிர் கொடுக்கற அனிமேட்டர்ல ரூன் ஃபுல் ஹெல்ம், பிளேட்பாடி, பிளேட்லெக்ஸ் வச்சு, எழுந்து வர்றதை அடிச்சா ஒரு தடவைக்கு 40 டோக்கன். அடிச்சு முடிச்சதும் டோக்கனோட கவசமும் தரையில கிடக்கும், மறக்காம அள்ளுங்க. 400, 500 சேர்த்துட்டு ஒரே மூச்சா உள்ள போறது நல்லது.

சிக்னல் விஷயம்: விப் தானா அடிச்சுக்கிட்டே இருக்கும், சாதாரண டாஸ்க்குக்குப் பிங் (சர்வருக்குப் போய்த் திரும்பற நேரம், மில்லி விநாடியில) பொருட்டில்லை. கேம் ஓடற ஒவ்வொரு துடிப்பும், அதாவது டிக், 0.6 விநாடி; பிரேயரை மாத்தி மாத்திப் போடறப்பதான் இடிக்கும். நிலையா 250-ல நிக்கற பிங்கைப் பழகிக்கலாம், 80-க்கும் 600-க்கும் தாவறதைப் பழகவே முடியாது. அதனால மலையில பிரேயரை அப்படி மாத்தி மாத்திப் போட வேண்டாம்; கிட்ட நின்னு அடிக்கறதைத் தடுக்கற புரொடெக்ட் ஃப்ரம் மெலீ பிரேயரைப் போட்டு அப்படியே விடுங்க. 20 கொண்டை ஊசி வளைவுல பஸ் ஏறும்போது இணைப்பு அறுந்தாலும், ஆட்டோ ரிடாலியேட் ஆன்ல இருந்தா கேரக்டர் திருப்பி அடிக்கும்.

இன்னொண்ணு, சும்மா சும்மா சாப்பிடாதீங்க. ஒவ்வொரு வாய்க்கும் உங்க அடுத்த அடி 3 டிக் தள்ளிப் போகும். சுறா மீன் உயிரை 20 ஏத்தும். உயிர் 20-க்கு மேல குறைஞ்ச பிறகு கடிங்க.

செவ்வாய்ப்பேட்டை_கவசம்:
டிராகன் டாஸ்க் வந்தா மட்டும் டிஃபெண்டரைக் கழட்டிட்டு ஆன்டி-டிராகன் ஷீல்ட் மாட்டுங்க, நெருப்புல போயிடுவீங்க. நீல டிராகனுக்கு வெட்டை விடக் குத்து நல்லா இறங்கும், ஜமோராக்கியன் ஹஸ்தா இருந்தா விப்பை வங்கியில போட்டுருங்க.

ஏரிக்கரை_ஏற்காடு:
முதல்ல எதை எடுக்கறது?

செவ்வாய்ப்பேட்டை_கவசம்:
போஷனும் அல்டிமேட் ஸ்ட்ரெங்த்தும் இன்னைக்கே. அப்புறம் டிஃபெண்டர், அதுக்கப்புறம் டோர்சோ. டோர்சோவுக்கு பார்பேரியன் அஸால்ட்ல நாலு ரோல்லயும் 375 புள்ளி, கூடவே அங்க வர்ற பெனன்ஸ் ராணியை ஒரு தடவை கொல்லணும். பாரோஸ் கிளவுஸ் நாளாகும், அதுவரைக்கும் காம்பாட் பிரேஸ்லெட் மாட்டுங்க.