தண்ணீரை அளக்க வேண்டியவர் யார்?

செம்பூர்வாசி: டயாலிசிஸ் (பழுதான சிறுநீரகத்துக்குப் பதிலாக இயந்திரம் ரத்தத்தைச் சுத்திகரிப்பது) செய்துகொள்ளும் கணவருக்கு ஒவ்வொரு டம்ளர் தண்ணீரையும் தானே அளந்து கொடுப்பதாக மாட்டுங்கா மருமகள் நேற்றுப் பெருமையோடு எழுதியதைப் படித்து எரிச்சலடைந்தேன். பழுதானது சிறுநீரகம்; கை அல்லவே! அவர் தண்ணீரை அவர்தான் அளக்க வேண்டும்.

மாட்டுங்கா மருமகள்: போன மாதம் இரண்டு டயாலிசிஸுக்கு நடுவே மூன்றரைக் கிலோ நீர் ஏறி, விடியற்காலை 3 மணிக்கு மூச்சுத் திணறிய மனிதரை டாக்ஸியில் மடியில் சாய்த்துக்கொண்டு போனவள் நான். அதன் பிறகுதான் சொம்பு என் கைக்கு வந்தது.

செம்பூர்வாசி: என் தாயாருக்கு ஒரு நாளைக்கு மருத்துவர் விதித்த தண்ணீர், 500 மில்லியோடு முந்தைய நாள் வெளியேறிய சிறுநீரின் அளவும் சேர்த்து. காலையில் அவரே பாட்டிலை நிரப்புவார். மாத்திரை விழுங்குவதும் அதிலிருந்துதான். பிறர் அளந்து கொடுத்தால் குளியலறைக் குழாயில் ஒளிந்து குடிக்கத்தான் தோன்றும்.

தாராவித் தம்பி: ரசமும் மோரும் தண்ணீர்க் கணக்கில்தான் சேரும், ஐயா. மே மாதப் புழுக்கத்தில் தாகத்தோடு இருப்பவரிடம் பாட்டிலைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்வதா?

செம்பூர்வாசி: டயாலிசிஸ் நோயாளிக்கு இளநீர் நல்லது என்று சென்ற ஆண்டு எழுதிய நீங்களா பேசுவது? இளநீரில் உள்ள பொட்டாசியம் ரத்தத்தில் ஏறினால் இதயமே நின்றுவிடும் என்றேன். இன்றுவரை பதில் இல்லை.

தாராவித் தம்பி: சிறுநீரகம் நன்றாக இருப்பவர்களுக்குத்தான் எழுதினேன். திரித்துப் பேசாதீர்கள்.

மாட்டுங்கா மருமகள்: இளநீர்ச் சண்டையைப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். அவரைத் தனியே விட மனமில்லாமல் இரண்டு ஆண்டுகளாகத் திருநெல்வேலிக்கு, என் தங்கை வீட்டுக்குக்கூட நான் போகவில்லை. அதையும் குற்றம் என்பீர்களா?

செம்பூர்வாசி: குற்றம் என்று சொல்லவில்லை, அம்மா. ஆனால் நீங்கள் நான்கு நாள் ஊருக்குப் போனால் அவர் அளவை மீறிக் குடித்துவிடுவார் என்று நம்புகிறீர்களே, அந்த நம்பிக்கை அவரைக் குழந்தையாக்குகிறது; உங்களையும் அந்தச் சொம்போடு கட்டிப்போடுகிறது. டயாலிசிஸுக்குப் போகும் காலையில் எடையை மட்டும் கேளுங்கள். நாங்கள் அப்படித்தான் கேட்டோம். குழாயைப் பற்றிச் சொன்னேனே, அதற்கு நீங்கள் பதில் சொல்லவில்லை.

மாட்டுங்கா மருமகள்: உங்கள் தாயார் பாட்டிலை நிரப்பிய காலத்தில், தாகம் எடுக்காதபடி குழம்பில் உப்பைக் குறைத்தது யார்? அதை நீங்கள் எழுதவே இல்லையே.

செம்பூர்வாசி: என் மனைவிதான். ஆனாலும் பாட்டில் அம்மாவின் கையில்தான் இருந்தது.

மாட்டுங்கா மருமகள்: இன்று இரவுக்கு இன்னும் 150 மில்லி மீதமிருக்கிறது. சொம்பு என்னிடம்தான் இருக்கிறது.