இன்டர்கலேஷன்: 'இடைச்செருகல்' வேண்டாம், 'இடைப்புகுதல்' எனலாம்

வணக்கம் நண்பர்களே,

லித்தியம் அயனி பேட்டரியில் அயனிகள் மின்முனைப் பொருளின் கட்டமைப்பைக் குலைக்காமல் அதன் இடைவெளிகளுக்குள் போய்த் தங்குவதுதான் இன்டர்கலேஷன். அதற்கு 'இடைச்செருகல்' என்ற பரிந்துரையைப் பார்த்தேன். நல்ல சொல்தான், ஆனால் பழைய ஏடுகளில் பின்னால் வந்தவர்கள் எழுதிச் சேர்த்த பாடல்களைத்தானே அப்படிச் சொல்கிறோம், அந்தப் பொருள் ஒட்டிக்கொண்டே வரும். அதைவிடப் பெரிய சிக்கல், செருகுதல் என்றால் செருகுவதற்கு ஒருவர் வேண்டும். போன் ஓடிக்கொண்டிருக்கும்போது லித்தியம் அயனிகளை யாரும் தள்ளுவதில்லை. அவை தாமாகவே ஒரு மின்முனையான கிராஃபைட்டை விட்டுக் கிளம்பி, நடுவில் அயனிகளைக் கடத்தும் மின்பகுளியைக் கடந்து, மறு மின்முனையான கோபால்ட் ஆக்சைடுக்குள் போகின்றன, கூடவே எலக்ட்ரான்கள் வெளிச்சுற்று வழியாக அதே பக்கம் போகின்றன, நாம் பயன்படுத்தும் ஆற்றல் அதுதான். சார்ஜ் போடும்போது மட்டும்தான் வெளியிலிருந்து ஆற்றல் கொடுத்து அயனிகளைத் திரும்பக் கிராஃபைட்டுக்கு அனுப்புகிறோம். இரண்டு திசைக்கும் பொருந்த வேண்டுமானால் தன்வினைதான் சரி, அதனால் 'இடைப்புகுதல்'. வெளியே வருவதற்கு 'இடைநீங்குதல்'.

'அடுக்கிடைப் புகுதல்' என்று இன்னும் துல்லியமாக வைக்கலாமே என்று கேட்டிருந்தீர்கள். 1970-களில் லித்தியம் பேட்டரி ஆய்வின் முன்னோடி விட்டிங்ஹாம் எடுத்துக்கொண்ட டைட்டானியம் டைசல்ஃபைடும், 1980-இல் இன்னொரு முன்னோடியான குடினஃபின் குழு காட்டிய கோபால்ட் ஆக்சைடும் அடுக்குப் பொருள்கள்தான், மறுக்கவில்லை. ஆனால் இன்று எவ்வளவோ மின்வண்டிகளில் இருக்கும் லித்தியம் இரும்பு பாஸ்பேட்டில் அடுக்கே கிடையாது, அயனிகள் குறுகலான சுரங்கப்பாதைகள் வழியாக ஓடுகின்றன. அடுக்கைச் சொல்லுக்குள் கொண்டுவந்தால் இதை வெளியே தள்ளிவிடுவோம்.

அப்புறம், எல்லா மின்முனைக்கும் இந்தச் சொல்லைப் போட்டுவிடக் கூடாது, இதில் நான் உறுதியாக இருக்கிறேன். கிராஃபைட்டில் ஆறு கார்பனுக்கு ஒரு லித்தியம் என்று முழுதாக நிரம்பினாலும் அது ஏறக்குறைய 10 சதவீதம்தான் பருக்கும், லித்தியம் நீங்கியதும் பழைய நிலைக்கு வந்துவிடும், கட்டமைப்பு குலையாது. இத்தனை நூறு தடவை சார்ஜ் ஏற்ற முடிவதற்கு அதுதான் முக்கியக் காரணம். சிலிக்கன் அப்படியில்லை, லித்தியத்தோடு கலந்து மூன்று மடங்குக்கும் மேல் பருத்து வெடிப்பு விடும், அது உலோகக்கலவையாதல். ஈய-அமில பேட்டரியில் இரண்டு தகடுகளும் ஈய சல்பேட்டாகவே மாறுகின்றன, அது வேதி மாற்றம். இந்த மூன்றுக்கும் தனித்தனிச் சொல் இல்லையென்றால் பாடம் எழுதுபவர் தடுமாறுவார்.

அயனிக்கு இடம் கொடுக்கும் பொருளுக்கு என்ன சொல்லலாம்? 'ஏற்பி' என்றால் எலக்ட்ரான் ஏற்பியோடு குழம்பும். 'இடமளி பொருள்' என்பது என் பரிந்துரை, இதைவிடச் சுருக்கமாக யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள்.