கிராம சபையில் ஊரும் காலனியும் உட்கார்ந்து பேச என்ன வழி?

கேள்வி: வேப்பமரத்தடி

திருவண்ணாமலை மாவட்டத்தில் சின்ன ஊராட்சி எங்களுடையது. 2019 டிசம்பரில் தேர்ந்தெடுத்தவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. அப்போதிலிருந்து தனி அலுவலர் பொறுப்புதான். கிராம சபை மட்டும் தவறாமல் நடக்கிறது.

நடக்கிறது என்றால் இப்படித்தான். செயலர் தீர்மானங்களை வாசிப்பார். காலனிப் பக்கம் இருந்து யாராவது எழுந்து "எங்களுக்குத் தண்ணி வரலை" என்பார்கள். ஊர்ப் பக்கம் இருந்து "குழாயைத் திறந்து போட்டுட்டுப் போறது யாரு?" என்று சத்தம் வரும். பத்தே நிமிடத்தில் இரண்டு பக்கமும் எழுந்து நிற்கும். கூட்டத்தைப் பார்வையிட வரும் அரசு அலுவலரான பற்றாளர் கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்.

நான் ஊர்ப் பக்கத்து ஆள், வயது 26. காலனியில் என்னோடு பள்ளியில் படித்த நண்பர்கள் இருக்கிறார்கள். தனியே பேசினால் நன்றாகப் பேசுகிறோம், கூட்டத்தில் முடிவதில்லை. அடுத்த கூட்டத்துக்கு மூன்று வாரம் இருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில் 1: பஞ்சாயத்து நோட்டு

முதலில் சட்டத்தைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். 1994-ஆம் ஆண்டு தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டப்படி வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள எல்லோருமே கிராம சபை உறுப்பினர்கள். மக்கள்தொகை 500 வரை என்றால் 50 பேர் வர வேண்டும், 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300. அந்த எண்ணிக்கை இல்லாமல் போட்ட தீர்மானத்தைக் கேள்வி கேட்கலாம். கோயில் போன்ற மதச்சார்புள்ள இடத்தில் கூட்டம் போடக் கூடாது. உங்கள் ஊரில் எங்கே நடக்கிறது?

வேப்பமரத்தடி: மாரியம்மன் கோயில் மண்டபத்தில். இதை நான் யோசிக்கவே இல்லை.

பதில் 2: முன்னாள் வார்டு உறுப்பினர்

தம்பி, இடத்தை முதலில் மாற்றச் சொல்லுங்கள். எங்கள் ஊரிலும் மண்டபம்தான். காலனிப் பெண்கள் படிக்குக் கீழேயே நிற்பார்கள். 'உள்ளே வாங்க' என்று நாங்கள் கூப்பிட்டோம், அதோடு எங்கள் கடமை முடிந்தது என்று நினைத்துக்கொண்டிருந்தோம். தலைமுறை தலைமுறையாக ஏற விடாத படியில், தண்ணீர் பிரச்சினை பேசுவதற்காக ஒருவர் எப்படி ஏறுவார்? பள்ளிக்கூட மைதானத்துக்கு மாற்றிய பிறகுதான் அவர்கள் குரல் எங்கள் காதில் விழுந்தது. அங்கேயும் முதல் கூட்டத்தில் முன்வரிசை நாற்காலிகளில் ஊர் ஆண்கள், பின்னால் தரையில் காலனிப் பெண்கள். அடுத்த முறை நாற்காலியே போடவில்லை. எல்லோருக்கும் ஜமுக்காளம். முட்டி வலிக்கிற பெரியவர்களுக்கு மட்டும் ஓரத்தில் பெஞ்சு.

அப்புறம் தண்ணீர். அதே சண்டையை நான் மூன்று வருடம் பார்த்தேன். 2023 மே 1 கூட்டத்துக்கு முன்னால், காலனி மகளிர் குழுத் தலைவியிடம் போய் "அக்கா, சண்டை போடுறதுக்கு முன்னாடி ஒரு தடவை அளந்து பார்த்துடலாமா?" என்று கேட்டேன். அவர் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. "எத்தனை பேர் வந்து எழுதிக்கிட்டுப் போனாங்க" என்றார். நியாயமான பேச்சு. "எழுதுற நோட்டு உங்க கையில இருக்கட்டும்" என்ற பிறகுதான் சரி என்றார்.

காலை ஆறு மணிக்கு மோட்டார் போட்டதும், ஊரில் இருந்து இரண்டு பேர், காலனியில் இருந்து இரண்டு பேர், தொட்டியில் இருந்து கடைசிக் குழாய் வரை நடந்தோம். கையில் 15 லிட்டர் பிளாஸ்டிக் குடம் ஒன்று. காலனியில் எட்டாம் வகுப்பு படிக்கிற பெண் செல்போனில் நேரம் பார்த்து எழுதினாள். எங்கள் தெருக் குழாயில் குடம் நிறைய 50 வினாடி. காலனிக் கடைசிக் குழாயில் 6 நிமிடம் 10 வினாடி. மூன்று நாள் அளந்தோம், பெரிய மாற்றம் இல்லை. நடக்கும்போதுதான் இன்னும் இரண்டு விஷயம் தெரிந்தது. சிறுபாலத்துக்குப் பக்கத்தில் கேட் வால்வு பாதி மூடியபடி துருப்பிடித்துக் கிடந்தது. ஊர்த் தெருவில் ஏழு வீட்டில் குடிநீர்க் குழாயிலேயே நேராக மோட்டார் மாட்டியிருந்தார்கள். அதில் ஒன்று என் சித்தப்பா வீடு. காலனிப் பொதுக்குழாய் இரண்டில் திருகு உடைந்து தண்ணீர் வீணாகிக்கொண்டிருந்ததும் உண்மை. அதையும் அதே நோட்டில் அந்தப் பெண்ணே எழுதினாள்.

கூட்டத்தில் வேறு யாரும் பேசவில்லை. அவளையே வாசிக்கச் சொன்னோம். "ஆறு நிமிஷம் பத்து செகண்டு" என்றதும் எங்கள் தெருப் பாட்டி ஒருவர், "நம்ம தெருவுல ரெண்டு நிமிஷம் ஆனாலே நாம கத்துவோமே" என்றார். எனக்குத் தெரிந்து ஊர்ப் பக்கம் இருந்து வந்த முதல் ஒப்புதல் அது. அன்றைக்குத் தீர்மானப் புத்தகத்தில் எழுதியது: வால்வை மாற்றுவது, காலனிக்கு முதல் முக்கால் மணி நேரம் தனியாகத் திறப்பது, மோட்டார்களைக் கழற்றுவது, உடைந்த திருகுகளை மாற்றுவது. எல்லோர் முன்னாலும் வாசித்துக் காட்டிய பிறகுதான் கையெழுத்து வாங்கினோம். ஏழு மோட்டாரில் ஐந்து போய்விட்டது. சித்தப்பா எட்டு மாதம் என்னோடு பேசவில்லை.

பதில் 3: உசிலம்பட்டிக்காரன்

முன்னாள் வார்டு உறுப்பினர் அக்கா சொன்னது நல்ல விஷயம். ஆனால் குடத்தை வைத்து அளந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைக்க வேண்டாம். எங்கள் பக்கம் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளில் தலைவர் பதவியைப் பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கிய பிறகு, 1996-இல் இருந்து பத்து வருடம் முறையாகத் தேர்தலே நடத்த முடியவில்லை. ஒன்று, யாரும் மனுப் போட முடியாது. இல்லை, ஜெயித்தவர் உடனே ராஜினாமா செய்வார். 2006-இல்தான் தேர்தல் நடந்தது. 2021 அக்டோபர் 2 அன்று பாப்பாபட்டி கிராம சபைக்கு முதலமைச்சரே வந்து உட்கார்ந்தார். அந்த இடத்துக்கு வர எத்தனை பேர் எத்தனை வருடம் போராட வேண்டியிருந்தது! பேச்சு வேண்டும், ஆனால் பேசியவர் மறுநாள் வேலைக்குப் போகும்போது பயமில்லாமல் போக வேண்டும். தம்பி, உங்கள் காலனி நண்பர்கள் யார் நிலத்தில் கூலிக்குப் போகிறார்கள் என்று பாருங்கள். கூட்டத்தில் அவர்களை முதலில் பேசச் சொல்லாதீர்கள், நீங்கள் பேசுங்கள்.

முன்னாள் வார்டு உறுப்பினர்: நீங்கள் சொல்வது சரி. நான் எழுதாமல் விட்டதைச் சொல்கிறேன். நோட்டு வாசித்த பெண்ணின் அப்பாவுக்கு அந்தச் சித்திரையில் இரண்டு வாரம் யாரும் வேலை கொடுக்கவில்லை. அவருக்கு வேலை கேட்டு நானும் மகளிர் குழுவும் நான்கு வீட்டுக்குப் போய்ப் பேச வேண்டியிருந்தது. அதை முன்பே யோசித்திருக்க வேண்டும். நோட்டை நான் வாசித்திருக்கலாம்.

வேப்பமரத்தடி: அண்ணா, அக்கா, இரண்டு பேருக்கும் நன்றி. இடத்தை மாற்றச் சொல்லித் தனி அலுவலருக்கு மனு எழுதியிருக்கிறேன். ஊரில் ஒன்பது பேர், காலனியில் பதினான்கு பேர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். நாளைக் காலை நானும் காலனி நண்பனும் அளக்கப் போகிறோம். கூட்டத்தில் வாசிப்பது நான்தான், அவனிடம் பேசி முடிவு செய்தாயிற்று. அக்கா, ஊருக்கு ஒரு குடம், காலனிக்கு ஒரு குடமா?

முன்னாள் வார்டு உறுப்பினர்: ஒரே குடம் தம்பி. அதையே கடைசிவரை தூக்கிக்கொண்டு போங்கள். இரண்டு பேரும் மாறி மாறித் தூக்குங்கள், எல்லாத் தெருவும் பார்க்கட்டும்.