குறி இலக்கின் மஞ்சளைத் தொட்டதும் விரல் தானாக நாணை விட்டுவிடுகிறது, என்ன செய்வது?

ஜெலுத்தோங் வில்லாளி:

வணக்கம். பினாங்கிலிருந்து எழுதுகிறேன். வயது 36, மூன்று வருடமாக ரீகர்வ் (முனைகள் வெளிப்பக்கம் வளைந்த) வில் எய்கிறேன், பெரும்பாலும் உள்ளரங்கில் 18 மீட்டர். சென்ற வருடம் 60 அம்புக்கு 530ஐ ஒட்டி எடுத்துக்கொண்டிருந்தேன், இப்போது 470ஐ எட்டவே திணறுகிறேன். மதிப்பெண் இறங்கியதைக்கூடத் தாங்கிக்கொள்வேன், என்ன நடக்கிறது என்று புரியாததுதான் தூக்கத்தைக் கெடுக்கிறது.

நடப்பது இதுதான். நாணை இழுத்து, தாடைக்குக் கீழே கையைப் பதித்து, சைட்டை, அதாவது வில்லில் உள்ள குறிபார்க்கும் கருவியை, மேலிருந்து மெதுவாக இறக்கிக்கொண்டு வருகிறேன். இலக்குத் தாளின் நீல, சிவப்பு வளையங்கள் வரை எல்லாம் ஒழுங்கு. நடுவில் இருக்கும் மஞ்சளின் ஓரத்தைத் தொட்ட அந்த நொடியில் விரல் விட்டுவிடுகிறது. நான் விடவில்லை, அதுவாக விடுகிறது. கிளிக்கர் (அம்பு முனை தாண்டியதும் தட்டி, இனி விடலாம் என்று சொல்லும் சின்னத் தகடு) சத்தம் வந்திருக்காது, அதற்குள் அம்பு போய்ச் சேர்ந்திருக்கும். சரி, பொறுத்து நிற்கலாம் என்று பிடிவாதம் பிடித்தால் வேறு தொல்லை: சைட் சிவப்பிலேயே கல்லாக நின்றுவிடுகிறது, மஞ்சளுக்குள் தள்ளினாலும் நகர மறுக்கிறது, கை நடுங்கி மூச்சு முட்டுகிறது. ஆனால் தாள் ஒட்டாத வெறும் பலகையில் எய்தால் எதுவுமே இல்லை, பழைய மாதிரி அழகாகப் போகிறது.

வில் இழுக்கக் கனமாக இருக்கிறதோ என்று 38 பவுண்டு லிம்பை (வில்லின் வளையும் பகுதியை) கழற்றிவிட்டு 34 வாங்கினேன், கிட்டத்தட்ட 600 வெள்ளி (ரிங்கிட்). இரண்டு வாரம் நன்றாக இருந்தது, அப்புறம் அதே கதை. கண் டாக்டரிடமும் போய்வந்தாயிற்று, பார்வையில் குறை இல்லை. ரேஞ்சில் கேட்டால் மனதை ஒருமுகப்படுத்து, அர்ஜுனன் மாதிரி இலக்கை மட்டும் பார் என்கிறார்கள். அப்படிப் பார்க்கப் பார்க்கத்தான் மோசமாகிறது. அடுத்த மாதக் கடைசியில் ஒரு போட்டிக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன். பத்து வயது மகன் வேறு இப்போதுதான் என்னோடு வந்து வில் பிடிக்க ஆரம்பித்திருக்கிறான், என்னைப் பார்த்து இதையும் கற்றுக்கொண்டுவிடுவானோ என்று பயமாக இருக்கிறது. இதிலிருந்து மீண்டவர்கள் யாராவது இருக்கிறீர்களா?


செந்தூல் கம்பவுண்டு:

அண்ணே, இதற்கு டார்கெட் பேனிக் என்று பெயர், பழைய ஆட்கள் கோல்டு பேனிக் என்பார்கள். கம்பவுண்டில் (சக்கரம் வைத்த வில்லில்) எனக்கு இரண்டு வருடம் இருந்தது. சைட் நடுவில் போனதும் ரிலீஸின் (நாணைப் பிடித்து விடும் கைக்கருவியின்) விசையை ஆள்காட்டி விரலால் படாரென்று அடித்துவிடுவேன், அம்பு எங்கே போகும் என்று கடவுளுக்குத்தான் தெரியும். நீங்கள் எழுதியதைப் படித்தபோது என் பழைய குறிப்பேட்டைப் படிப்பது போலவே இருந்தது.

இது கோழைத்தனம் இல்லை, அதை முதலில் மனதில் வையுங்கள். பெயரில் பேனிக் இருப்பதால் எல்லோரும் பயம் என்றே நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் இது பழக்கம். மூன்று வருடத்தில் எத்தனை ஆயிரம் அம்பு எய்திருப்பீர்கள், ஒவ்வொரு முறையும் மஞ்சள் தெரிந்தது, உடனே விரல் திறந்தது, இரண்டையும் மூளை ஒன்றாக முடிச்சுப் போட்டுவிட்டது. லீவு நாளில் எங்கேயோ போகக் கிளம்பினாலும் வேலைக்குப் போகிற சந்தியில் மோட்டார் தானாகத் திரும்பிவிடுவதில்லையா, அந்த மாதிரி. வெறும் பலகையில் நன்றாகப் போகிறது என்கிறீர்களே, அதுவே ஆதாரம். கையிலும் தோளிலும் ஒரு கோளாறும் இல்லை, மஞ்சள்தான் விசையாக மாறியிருக்கிறது.

வில்லில் மட்டும் வருவதும் இல்லை. கையால் குட்டி அம்பு எறிகிற டார்ட்ஸில் 1980 முதல் 1986க்குள் ஐந்து முறை உலக சாம்பியனான எரிக் பிரிஸ்டோவுக்கே கையிலிருந்து அம்பை விட முடியாமல் போனது. அதற்குப் பிறகும் 1989, 1990, 1991 என்று மூன்று வருடமும் உலகப் போட்டியின் இறுதியாட்டம் வரை வந்தார். கோல்ஃபில் பெர்ன்ஹார்ட் லாங்கருக்குக் குழிக்குப் பக்கத்தில் பந்தைத் தட்டும்போது கை வெட்டி இழுக்கும், அவர் 1985, 1993 இரண்டு முறை மாஸ்டர்ஸ் என்ற பெரிய போட்டியை வென்றவர். நான் நொந்துபோய் வில்லை விற்றுவிடலாம் என்று இருந்தபோது இவர்களைப் பற்றித் தெரிந்துகொண்டதுதான் என்னை நிறுத்தியது, அதனால்தான் உங்களுக்கும் சொல்கிறேன்.

நான் செய்தது: விசை உள்ள ரிலீஸை ஓரமாக வைத்துவிட்டு ஹிஞ்ச் ரிலீஸுக்கு மாறினேன். அதில் அடிப்பதற்கு விசையே இல்லை, முதுகு இழுக்க இழுக்கக் கை சுழன்று தானாக விடும், எப்போது விடும் என்று சரியாகத் தெரியாது. ஆறு வாரம் ஐந்து மீட்டரில் வெறும் பலகை, கண்ணை மூடிக்கொண்டு. உங்களுக்கும் அதையே சொல்வேன், தாளைக் கழற்றுங்கள்.


புக்கிட் மெர்தாஜாம் டீச்சர்:

செந்தூல் தம்பி காரணத்தைச் சரியாகச் சொல்லிவிட்டார், மருந்தில் பாதியைத்தான் சொல்லியிருக்கிறார். பள்ளிப் பிள்ளைகளுக்குப் பதினைந்து வருடமாக வில் சொல்லிக்கொடுக்கிறேன். ஆறு வாரம் வெறும் பலகையில் எய்துவிட்டு, தாளை ஒட்டிய முதல் நாளே பழையபடி ஆன பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். வெறும் பலகையில் நோயே வெளியே வருவதில்லை, வராத இடத்தில் எப்படிக் குணமாகும்? உடம்புக்குச் சரியான எய்தல் எப்படி இருக்கும் என்று ஞாபகப்படுத்த அது நல்லது, அங்கேயே குடியிருந்தால் போதாது. மஞ்சள் கண்ணுக்கு எதிரே இருக்கும்போதே எய்யாமல் இருக்கக் கற்றுக்கொள்ள வேண்டும் தம்பி. அதுதான் முடிச்சை அவிழ்க்கும்.

அதற்கு முன்னால் கிளிக்கரைப் பாருங்கள். முழுதாக இழுத்துக் கையைப் பதித்து நிற்கும்போது அம்பு முனை கிளிக்கரைத் தாண்ட இன்னும் 2, 3 மில்லிமீட்டர்தான் மிச்சம் இருக்க வேண்டும். பக்கத்திலிருந்து யாரையாவது கைப்பேசியில் படம் பிடிக்கச் சொல்லுங்கள். அரை அங்குலம் மிச்சம் இருந்தால் அதை இழுத்து முடிக்க எந்த மனிதனாலும் முடியாது, உடம்பு குறுக்குவழி தேடத்தான் செய்யும். 34 பவுண்டுக்கு இறங்கியதும் தப்பில்லை, இப்போதைக்கு அப்படியே இருக்கட்டும், இன்னும் லேசான லிம்பை யாராவது இரவல் கொடுத்தால் வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள். புதிதாக எதையும் காசு கொடுத்து வாங்காதீர்கள்.

சரி, பயிற்சி. ஐந்து மீட்டரில் 122 சென்டிமீட்டர் தாளை மாட்டுங்கள், வெளியரங்கில் 70 மீட்டருக்குப் போடுவார்களே, அதே தாள். மஞ்சள் மட்டும் 24 சென்டிமீட்டருக்கு மேல் இருக்கும், அவ்வளவு பக்கத்தில் எப்படி ஆடினாலும் சைட் மஞ்சளுக்குள்ளேதான் ஆடும். அம்பைப் பூட்டி இழுத்து, மஞ்சளில் வைத்து, மனதுக்குள் ஐந்து எண்ணி, எய்யாமல் நாணை மெதுவாகத் தளர்த்தி இறக்குங்கள். முதல் வாரம் முழுக்க இது மட்டும்தான். ஒரு நாளைக்கு முப்பது தடவை போதும், தோள் களைத்தால் நிறுத்திவிடுங்கள். முதல் இரண்டு நாள் விரல் திறந்து அம்பு போய்விடும், போகட்டும், வருத்தப்படாமல் அடுத்ததை எடுங்கள். ஆனால் அம்பு இல்லாமல் வெறும் நாணை மட்டும் இழுத்துப் பழகாதீர்கள், உங்கள் விரல் இப்போது சொன்ன பேச்சைக் கேட்கிற நிலையில் இல்லை, வெறும் நாணை விட்டால் லிம்ப் உடைந்துபோகலாம்.

இரண்டாம் வாரம் கிளிக்கரைச் சேருங்கள். மஞ்சளில் நின்று இழுத்து, கிளிக் சத்தம் கேட்ட பிறகும் எய்யாமல் இன்னும் இரண்டு நொடி இழுத்துக்கொண்டே இருந்து இறக்குங்கள். கிளிக்கைக் கேட்டதும் விரல் துடிக்கும், அந்தத் துடிப்பு அடங்கும் வரை. மூன்றாம் வாரத்தில்தான் எய்ய வேண்டும், அதுவும் நான்கு தடவைக்கு ஒரு அம்பு, எந்தத் தடவை என்பதை வில்லைத் தூக்குவதற்கு முன்பே முடிவு செய்துவிடுங்கள். அப்புறம் பாதிக்குப் பாதி. நன்றாக வந்தால் எட்டு மீட்டர், பன்னிரண்டு, பதினெட்டு என்று தள்ளிப் போங்கள், எந்தத் தூரத்தில் பழையது தலைகாட்டுகிறதோ அங்கிருந்து ஒரு படி பின்னால் வந்துவிடுங்கள்.

அர்ஜுனன் கதைக்கு வருகிறேன், பிள்ளைகளிடம் அதை நானே எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன், இப்போது சொல்வதில்லை. பறவையின் கண் மட்டும் தெரிகிறது என்றான் அவன். அது பேனிக் இல்லாதவனுக்கு நல்ல பாடம். உங்களுக்கு ஏற்கெனவே மஞ்சள் மட்டும்தான் தெரிகிறது, முதுகு தெரியவில்லை, முழங்கை தெரியவில்லை, அதுதானே தொல்லையே. சைட் ஆடத்தான் செய்யும், ஒலிம்பிக் வீரருக்கும் ஆடும். ஆட விட்டுவிட்டு முதுகு இழுப்பதைக் கவனியுங்கள்.

மகனைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். அவனுக்கு மதிப்பெண் எழுதிக் கொடுக்காமல், பக்கத்தில் பெரிய தாள் வைத்து எய்ய விடுங்கள். நீங்கள் இறக்குவதைப் பார்த்து அவனும் இறக்கக் கற்றுக்கொண்டால் அதைவிட நல்ல பாடம் எதுவும் இல்லை.


பங்சார் பல்கலை மாணவி:

எனக்கு ரீகர்வில் எட்டு மாதம் இருந்தது. டீச்சர் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். கையைப் பதித்த பிறகு வாய்க்குள் ஒரு சொல்லை விடாமல் சொல்லிக்கொண்டே இருப்பேன், "இழு, இழு, இழு" என்று கிளிக் வரும் வரை. அந்தச் சொல் நடுவில் நின்றுபோனால் எய்யக் கூடாது, இறக்க வேண்டும், அதுதான் எனக்கு நானே போட்டுக்கொண்ட சட்டம். வாய் இழுப்பதைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போது விரல் திருட்டுத்தனமாக விட முடிவதில்லை. கேட்க ரொம்பச் சின்ன விஷயமாகத் தெரியும், ஆனால் எனக்கு மற்ற எல்லாவற்றையும்விட இதுதான் உதவியது. நேருக்கு நேர் ஆட்டத்தில் ஒரு அம்புக்கு 20 நொடிதான், அதற்குள் ஒரு தடவை இறக்கிவிட்டு மறுபடி எய்ய நேரம் இருக்கிறது, அதையும் பயிற்சியிலேயே பழகிக்கொள்ளுங்கள். நேரம் போதாது என்ற நினைப்பில்தான் கூட ஒரு அம்பு பறந்துவிடுகிறது.


ஜெலுத்தோங் வில்லாளி:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. பதில் எழுத மூன்று வாரம் ஆகிவிட்டது, முதலில் செய்து பார்த்துவிட்டு எழுதலாம் என்று இருந்தேன்.

கிளிக்கரைப் படம் பிடித்துப் பார்த்தோம், டீச்சர் சொன்ன மாதிரியேதான், ஒரு சென்டிமீட்டருக்கு மேல் மிச்சம் இருந்தது. சென்ற வருடம் அம்பை மாற்றியபோது கிளிக்கரை நகர்த்தவே இல்லை. இத்தனை மாதமும் எட்டாததை எட்டச் சொல்லி உடம்பை வதைத்திருக்கிறேன் என்று தெரிந்ததும் ரொம்ப நேரம் பேச்சே வரவில்லை.

முதல் நாள் முப்பதில் பதினொரு அம்பு கையை மீறிப் போனது. நான்காம் நாள் இரண்டு. ஆறாம் நாள் ஒன்றுகூடப் போகவில்லை, மஞ்சளில் சைட் ஆடிக்கொண்டிருந்தது, நான் ஐந்து எண்ணி முடித்து இறக்கினேன். மஞ்சளுக்குள் நின்று மூச்சு விட்டது எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான். பக்கத்தில் மகன் ஏன் அப்பா எய்யவில்லை என்று கேட்டான், எய்யாமல் இருக்கப் பழகுகிறேன் என்றேன், அவனும் இழுத்து, எண்ணி, இறக்கினான். இரண்டாம் வாரம் கிளிக் சத்தம் சேர்ந்ததும் மறுபடி துடிப்பு வந்தது, இப்போது குறைந்திருக்கிறது. "இழு, இழு" என்று நானும் சொல்கிறேன் தங்கச்சி, உண்மையிலேயே வேலை செய்கிறது.

இரண்டு கேள்வி. போட்டிக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது, போகலாமா? அப்புறம் இந்த சனிக்கிழமை எட்டு மீட்டருக்குப் போகலாம் என்று இருக்கிறேன், 40 தாளை மாட்டிப் பார்க்கட்டுமா? ஆசையாக இருக்கிறது.


புக்கிட் மெர்தாஜாம் டீச்சர்:

40 வேண்டாம். அதில் மஞ்சள் வெறும் 8 சென்டிமீட்டர், எட்டு மீட்டரிலேயே கண் அதற்குள் போய் விழுந்துவிடும். 122 இருக்கட்டும், ஒரு வாரம் கழித்து 80 மாட்டுங்கள்.

போட்டிக்கு இந்த முறை போகாதீர்கள் தம்பி. பெயர் கொடுத்த காசு போனால் போகட்டும். மதிப்பெண் அட்டையைப் பார்த்த உடனே விரல் பழைய வேலையைக் காட்டும், மூன்று வாரத்தில் அவிழ்த்ததை ஒரே நாளில் இறுக்கிக் கட்டிவிடுவீர்கள். அன்றைக்கு மகனைக் கூட்டிக்கொண்டு போய் ஓரமாக உட்கார்ந்து மற்றவர்கள் எய்வதைப் பாருங்கள், யார் யார் எய்யாமல் இறக்குகிறார்கள் என்று அவனை எண்ணச் சொல்லுங்கள். சனிக்கிழமை எப்படிப் போனது என்று வந்து எழுதுங்கள்.


ஜெலுத்தோங் வில்லாளி:

சரி டீச்சர். பெயரை எடுத்துவிட்டேன். 122 தாள் இரண்டு மிச்சம் இருக்கிறது, சனிக்கிழமை காலை எட்டு மணிக்கெல்லாம் ரேஞ்சில் இருப்போம்.