புதுப்பிப்பு: பெருவிரல் வீக்கம், யூரிக் அமிலம், கருவாடு

கால் பெருவிரல் சிவந்து வீங்கி, போர்வை பட்டாலே உயிர் போகிறது என்று முன்பு எழுதியிருந்தேன். கவுட்தான்; இரத்தத்தில் யூரிக் அமிலம் கூடி, மூட்டில் படிகங்களாகப் படிவதால் வரும் வாதம். வலி உச்சத்தில் இருந்தபோது எடுத்த பரிசோதனையில் யூரிக் அமிலம் சரியாகவே இருந்தது. அந்த நேரத்தில் அளவு இறங்கிக் காட்டுவதுண்டாம். வீக்கம் வற்றிய பிறகு பார்த்தால் டெசிலிட்டருக்கு 8.9 மில்லிகிராம்!

இப்போது யூரிக் அமிலத்தைக் குறைக்கும் அலோபியூரினோல் குளிசை. 100 மில்லிகிராமில் தொடங்கி, அளவு 6க்குக் கீழே வரும்வரை மெல்லக் கூட்டுகிறார் வைத்தியர். படிகங்கள் கரையத் தொடங்கும்போது வலி மீண்டும் கிளம்பலாம் என்பதால் அதைத் தடுக்கக் கொல்கிசின் என்ற மருந்தும் சிறிது உண்டு. வலிக்கிறதே என்று அலோபியூரினோல் குளிசையை நிறுத்தக் கூடாது; தோலில் தடிப்பு வந்தால் மட்டும் உடனே நிறுத்திவிட்டு வைத்தியரிடம் ஓட வேண்டும்.

பருப்பை விடச் சொன்ன வெள்ளவத்தை உறவினர்களுக்கு: பருப்புக் கறி தொடர்கிறது. யூரிக் அமிலத்தைக் கூட்டும் பியரும் நெத்தலிக் கருவாடும்தான் போயின. பியர் போனால் போகட்டும், கருவாட்டை விட்டதுதான் கொடுமை.