கட்டாய மனநல சிகிச்சை உத்தரவு: மேல்முறையீட்டுக்கு ஒரே ஓர் ஆட்சேபம் போதுமா? (அவசரம்)

கரிசல்வாசி: என் தம்பியை அவன் விருப்பத்துக்கு மாறாக மனநல மருத்துவமனையில் வைத்துச் சிகிச்சை அளிக்க நேற்று நீதிமன்றம் உத்தரவிட்டது. செவிலியரும் பக்கத்து வீட்டாரும் சொன்னவை என்று மருத்துவர் கோப்பைப் பார்த்து வாசித்தபோது எங்கள் வக்கீல் ஒருமுறை ஆட்சேபித்தார். பிறகு வாய் திறக்கவில்லை. மேல்முறையீட்டில் இது எடுபடுமா?

வைகைக்கரை: எந்த நாடு என்று சொல்லுங்கள். இந்தியாவென்றால் 2017ஆம் ஆண்டுச் சட்டப்படி மனநல மறுஆய்வு வாரியத்தின் முடிவை எதிர்த்து 30 நாளுக்குள் உயர் நீதிமன்றம் செல்லலாம்.

சட்டப்பித்தன்: ஊர் தெரியாமல் சட்டம் சொல்வதற்கு நாங்கள் சோதிடர்கள் அல்லர். ஜூரி (பொதுமக்கள் நடுவர் குழு) இருந்ததா? கோர்ட் ரிப்போர்ட்டர் (விசாரணையில் பேசுவதைச் சொல்லுக்குச் சொல் எழுதும் நீதிமன்றப் பதிவாளர்) பதிவு செய்தாரா? ஆட்சேபத்துக்கு நீதிபதி என்ன சொன்னார்? இந்த மூன்றும் இல்லாத கேள்விக்குப் பதில் கிடையாது.

கரிசல்வாசி: மன்னிக்கவும் ஐயா. டெக்சாஸ். ஜூரி இல்லை, ரிப்போர்ட்டர் இருந்தார். நீதிபதி “குறித்துக்கொண்டேன்” என்று மட்டும் சொன்னார்.

சட்டப்பித்தன்: அப்படியானால் அந்த ஆட்சேபம் செத்துப்போயிற்று. டெக்சாஸ் மேல்முறையீட்டு விதி 33.1இன்படி காரணத்தைத் தெளிவாகச் சொல்லி உரிய நேரத்தில் ஆட்சேபிப்பதோடு, அதன்மேல் தீர்ப்பும் (அந்த ஆட்சேபத்தை ஏற்பதா மறுப்பதா என்ற நீதிபதியின் முடிவும்) பெற்றிருக்க வேண்டும். குறித்துக்கொள்வது தீர்ப்பாகாது.

நடுவழி: பாதி விதியைத்தான் சொல்கிறீர்கள். வெளிப்படையாக அல்லாமல் உட்கிடையாகத் தீர்ப்பு அளித்திருந்தாலும் போதும் என்று அதே விதி சொல்கிறது. குறித்துக்கொண்ட கையோடு மருத்துவரைத் தொடர்ந்து வாசிக்கவிட்டால் அது மறுப்புத்தான் என்று வாதிடலாம்.

சட்டப்பித்தன்: வாதிடலாம், வெல்ல முடியாது. அதே செய்தி பின்னால் ஆட்சேபமின்றிப் பதிவாகியிருந்தால் முந்தைய ஆட்சேபமும் பயனற்றுப் போகும். ஒவ்வொரு முறையும் எழுந்து சொல்லாமலே நீடிக்கும் தொடர் ஆட்சேபத்தைக் கேட்டு வாங்கியிருக்க வேண்டும்.

வைகைக்கரை: மேல்முறையீடு முடிவதற்குள் தம்பியே வீடு திரும்பிவிடுவார். டெக்சாஸில் தற்காலிக உத்தரவு பொதுவாக 45 நாள், கூடினால் 90 நாள். பிறகு வழக்கு எதற்கு?

நடுவழி: வெளியே வந்தபின்னும் அந்தக் களங்கமும் அதன் விளைவுகளும் தொடர்வதால் மேல்முறையீடு செல்லும் என்று டெக்சாஸ் உச்ச நீதிமன்றம் 1980இலேயே கூறிவிட்டது.

கரிசல்வாசி, பிறர் சொன்னதை மருத்துவர் வாசித்தார் என்ற செவிவழிச் செய்தி வாதத்தையே பிடித்துக்கொண்டு நிற்காதீர்கள். வல்லுநர் அத்தகைய தகவலை நம்பிக் கருத்துச் சொல்லச் சாட்சிய விதிகள் பெரிதும் இடமளிக்கின்றன. உங்களுடையது ஜூரி இல்லாத வழக்கு. ஆகவே சாட்சியம் போதவில்லை என்ற வாதத்தைக் கீழமை நீதிமன்றத்தில் எழுப்பாவிட்டாலும் 33.1(டி) உங்களைக் காக்கும். தெளிவான, நம்பத்தக்க சாட்சியம் வேண்டும் என்பது 1979 அடிங்டன் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் விதித்த அளவுகோல். அதோடு, அண்மையில் செய்த வெளிப்படையான செயலோ தொடர்ந்து வரும் நடத்தையோ காட்டப்பட வேண்டும் என்கிறது டெக்சாஸ் சட்டம். தம்பி என்ன செய்தார் என்று மருத்துவர் குறிப்பிட்டுச் சொன்னாரா, அல்லது “நிலை மோசமாகலாம்” என்று பொதுவாகச் சொன்னாரா? அதுதான் உங்கள் வழக்கு.

முதலில் ஒன்று: உத்தரவில் கையெழுத்தான நாளிலிருந்து 10 நாளுக்குள் மேல்முறையீட்டு அறிவிப்பைத் தாக்கல் செய்தாக வேண்டும். வழக்கமான 30 நாள் என்று எண்ணி உட்கார்ந்துவிடாதீர்கள்.

சட்டப்பித்தன்: 10 நாள் என்று நானே சொல்லவிருந்தேன்.

கரிசல்வாசி: அறிவிப்பு தாக்கலாகிவிட்டது. ரிப்போர்ட்டர் பதிவையும் கேட்டிருக்கிறோம். மருத்துவர் எந்தச் செயலையும் குறிப்பிட்டதாக வக்கீலுக்கு நினைவில்லையாம். நன்றி.